ஆசனப்பட்டியும் காற்றுப்பையும்: உயிர் காத்த இரு கருவிகளின் வரலாறு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இலங்கையர் தம்மிடமிருந்த பழைய கார்களையும் வான்களையுமே பழுதுபார்த்து ஓட்டினர். பத்து, பதினைந்து வயதைக் கடந்த ஜப்பானிய வாகனங்கள் இன்றும் நம் வீதிகளில் நிறைந்திருக்கின்றன. அவற்றின் எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் நம்மவர் மணிக்கணக்கில் பேசுவர். அதே வாகனத்துள் உயிரைக் காப்பதற்கென்றே வைக்கப்பட்டிருக்கும் இரண்டு பொருட்களைப் பற்றிப் பேசுவோர் அரிது. ஒன்று ஆசனப்பட்டி, மற்றையது காற்றுப்பை.

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் ஏ-10 நெடுஞ்சாலை எங்கள் கலகெதரவை ஊடறுத்தே போகிறது. ஒரு காலத்தில் கண்டி இராசதானிக்குள் நுழைய முயன்ற படைகளைத் தடுத்து நின்ற கணவாய் இது. இன்று அதே சரிவிலும் வளைவிலும் இரவு பகலாக வாகனங்கள் இறங்குகின்றன, ஏறுகின்றன. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எனக்கு இவ்வீதியின் விபத்துச் செய்திகள் புதியனவல்ல. 'வேகக் கட்டுப்பாட்டை இழந்து' என்பதும், 'மழை காரணமாக வழுக்கி' என்பதும் அச்செய்திகளில் தவறாமல் இடம்பெறும். இறந்தவர் பட்டி அணிந்திருந்தாரா என்ற விபரம் மட்டும் பொலிஸ் அறிக்கையிலிருந்து பத்திரிகைப் பத்திக்கு வந்து சேர்வதேயில்லை. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீதிகளில் பறிகொடுக்கும் ஒரு நாட்டில் இது சிறிய விடயமன்று.

மூன்று மோதல்கள்

வாகனம் ஒன்று மரத்திலோ மதிலிலோ மோதும்போது நிகழ்வது ஒரு மோதல் அல்ல, மூன்று. முதலில் வாகனம் மோதுகிறது. வாகனம் நின்ற பிறகும் உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னோக்கிச் சென்று ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ மோதுகிறார், இது இரண்டாவது. உடல் நின்ற பின்னரும் மூளை மண்டையோட்டிலும், ஈரலும் இருதயமும் நெஞ்சுக்கூட்டிலும் மோதுகின்றன, இது மூன்றாவது. உயிரைப் பறிப்பவை பின்னிரண்டும்தான்.

மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது நமக்குச் சாதாரண வேகம். விநாடிக்கு அது ஏறத்தாழ 14 மீற்றர். பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகமும் அதுவே. மாடியிலிருந்து குதிக்க அஞ்சும் நாம், அதே வேகத்தில் பட்டியின்றிப் பயணிக்க அஞ்சுவதில்லை.

வேகம் கொல்வதில்லை; திடீரென நிற்பதே கொல்கிறது. 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்த உடல் ஐந்து சென்ரிமீற்றர் தூரத்துள் நின்றால் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு தாக்கத்தைச் சந்திக்கிறது. அதே உடல் அறுபது சென்ரிமீற்றர் தூரத்தில் படிப்படியாக நின்றால் தாக்கம் 16 மடங்காகக் குறைகிறது. முன்னது மரணம், பின்னது நெஞ்சில் ஒரு கன்றல். வாகனத்தின் முன்பகுதி நசுங்குவதும், பட்டி சற்றே நீள்வதும், பை மெல்லத் தளர்வதும் இந்தச் சில சென்ரிமீற்றர்களை நமக்குச் சம்பாதித்துத் தருவதற்காகவே.

வானிலிருந்து வந்த பட்டி

ஆசனப்பட்டி காருக்கு வருமுன் ஆகாயத்தில் இருந்தது. 1917இல் டெக்சஸில் பயிற்சி விமானங்கள் இரண்டு மோதி விழுந்த விபத்தில் ஹியூ டிஹேவன் என்ற இளைஞர் படுகாயங்களுடன் பிழைத்தார். தம் ஈரலையும் கணையத்தையும் காயப்படுத்தியது தாம் அணிந்திருந்த பட்டியின் கொக்கியே என்பதை அவர் பின்னர் உணர்ந்தார். காயம் விதியால் வருவதன்று, பொருட்களின் வடிவமைப்பால் வருவது என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது அங்கேதான். 50 அடி முதல் 150 அடி வரையான உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் பிழைத்தவர்களை ஆராய்ந்து 1942இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளி எனலாம்.

அடுத்தவர் ஜோன் போல் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர். மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அறியத் தம் உடலையே அவர் பணயம் வைத்தார். 1954 டிசம்பர் 10ஆம் திகதி நியூ மெக்சிக்கோவில் ரொக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் மணிக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டி, 1.4 விநாடியில் நின்றார். தாக்கம் புவியீர்ப்பைப் போல் 46 மடங்கு. கண்களில் இரத்தம் கசிந்து சில மணி நேரம் பார்வை மங்கியதே தவிர, உயிருக்கு ஆபத்து நேரவில்லை. சரியாகக் கட்டப்பட்ட உடல் நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்கும் என்பது நிரூபணமாயிற்று.

அக்காலக் கார்களில் இடுப்புப் பட்டி மட்டுமே இருந்தது. அது இடுப்பைப் பிடித்தது. தலையையும் நெஞ்சையும் விட்டுவிட்டது. இக்குறையைத் தீர்த்தவர் சுவீடன் நாட்டவரான நில்ஸ் போலின். சாப் நிறுவனத்தில் போர் விமானங்களின் வெளியேற்று ஆசனங்களை வடிவமைத்தவர், 1958இல் வொல்வோவில் சேர்ந்தார். ஒரே பட்டி தோளிலிருந்து நெஞ்சின் குறுக்கே இறங்கி, இடுப்பருகே கொக்கியில் மாட்டி, மடியின் குறுக்கே திரும்ப வேண்டும். ஒரு கையாலேயே மாட்ட முடிய வேண்டும். இதுவே அவருடைய தீர்வு. தாக்கத்தை நெஞ்சு எலும்பும் இடுப்பெலும்பும் பகிர்ந்துகொள்ளும். மென்மையான வயிறு தப்பும். 1959இல் வொல்வோ கார்களில் அது பொருத்தப்பட்டது.

வொல்வோ அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும், எந்த உற்பத்தியாளரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. வர்த்தக உலகில் அபூர்வமான செயல் இது. இன்று ஜப்பானிய காரில் மாட்டினாலும் இந்தியக் காரில் மாட்டினாலும் நாம் மாட்டுவது போலின் வகுத்த அதே மும்முனைப் பட்டியைத்தான். 1967இல் அவர் சுவீடனின் ஏறத்தாழ 28,000 விபத்துக்களை ஆராய்ந்த அறிக்கையைச் சமர்ப்பித்தார். பட்டி அணியாதோர் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திலேயே இறந்திருந்தனர். பட்டி அணிந்தோரில் மணிக்கு 95 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் ஒருவர்கூட இறந்திருக்கவில்லை.

பின்னாளில் பட்டியோடு வேறு நுட்பங்களும் சேர்ந்தன. மெல்ல இழுத்தால் விடும், வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ளும் சுருள். மோதிய கணத்தில் சிறு வெடிமருந்தால் பட்டியை இழுத்து இறுக்கும் கருவி. பிடி மிகுந்து விலா எலும்பு முறியாதபடி சற்றே தளர்த்திவிடும் கம்பி. நாம் வெறும் துணி நாடா என்று நினைப்பதற்குள் இத்தனையும் இருக்கின்றன.

அணியும்படி சட்டம் வந்த கதை வேறு. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970இல் முன்னோடியாகக் கட்டாயமாக்கியது. பிரித்தானியா 1983இல் பின்பற்றியது. இலங்கையில் சாரதிக்கும் முன் ஆசனப் பயணிக்கும் பட்டி கட்டாயமானது 2011 ஒக்டோபரில்தான். தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டதற்குச் சற்று முன்னதாக!

கண்ணிமைக்குமுன் விரியும் பை

காற்றுப்பையின் கதை ஒரு தந்தையின் பதற்றத்தில் தொடங்குகிறது. 1952இல் ஜோன் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர், மனைவியோடும் மகளோடும் செல்கையில், வீதியில் கிடந்த பாறையைத் தவிர்க்கக் காரை வெட்டித் திருப்பினார். அக்கணம் அவரும் மனைவியும் தம்மையறியாமல் கைகளை நீட்டி மகள் முன்னே போய் மோதாமல் தடுத்தனர். அந்தக் கையின் வேலையை ஒரு பொருள் செய்ய முடியாதா என்பதே அவருக்கு எழுந்த கேள்வி. 1953 ஓகஸ்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜெர்மனியில் வால்ட்டர் லிண்டரர் என்பவரும் அதே எண்ணத்துக்கு அதே ஆண்டில் உரிமை பெற்றார்.

எண்ணம் இருந்தது, வேகம் இருக்கவில்லை. அழுத்திய காற்றினால் பையை வேண்டிய விரைவில் நிரப்ப இயலவில்லை. அறுபதுகளின் இறுதியில் அலன் பிரீட் என்பவர் மோதலை உணரும் எளிய கருவியை உருவாக்கினார். குழாய்க்குள் காந்தத்தால் பிடித்துவைக்கப்பட்ட உருண்டை, கடும் மோதலில் விடுபட்டு மின்சுற்றை மூடும். காற்றுக்குப் பதிலாகச் சோடியம் அசைட்டு என்ற இரசாயனத்தைப் பயன்படுத்தினர். தீப்பொறி பட்டதும் அது நைதரசன் வாயுவாக வெடித்துப் பெருகும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருப்பதும் அந்த வாயுவே.

மோதல் தொடங்கி விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் கணினி முடிவெடுக்கிறது. இருபதில் ஒரு பங்குக்குள் பை விரிந்து முடிகிறது. கண் இமைக்க ஆகும் நேரம் இதைவிட அதிகம். விரிந்த பை அப்படியே நிற்பதுமில்லை. அதன் பின்புறத் துளைகள் வழியே வாயு வெளியேற, முகம் அமிழ அமிழப் பை தளர்கிறது. தளராத பை இன்னொரு சுவராகிவிடும்.

எழுபதுகளில் ஜெனரல் மோட்டர்ஸ் சில ஆயிரம் கார்களில் பொருத்தி விற்றுப் பார்த்துக் கைவிட்டது. 1980இன் இறுதியில் மெர்சிடிஸ் பென்ஸ் தனது உயர்ரகக் காரில் பையையும் பட்டியை இறுக்கும் கருவியையும் ஒன்றாக அறிமுகப்படுத்தியது. 1990 மார்ச்சில் வர்ஜீனியாவில் காற்றுப்பை பொருத்திய இரு கிரைஸ்லர் கார்கள் நேருக்கு நேர் மோதி, சாரதிகள் இருவரும் உயிர் தப்பினர். அதன்பின் எதிர்ப்பு அடங்கிற்று. அமெரிக்காவில் தொண்ணூறுகளின் இறுதியில் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமாயிற்று.

அப்போதுதான் மறுபக்கமும் தெரிந்தது. பை விரியும் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரை எட்டக்கூடியது. முன் ஆசனத்தில் இருந்த குழந்தைகளும், ஸ்டியரிங்கை ஒட்டி அமர்ந்த உயரம் குறைந்தோரும், பட்டி அணியாதோரும் பையினாலேயே இறந்தனர். காரின் முகப்பில் ஒளிரும் 'எஸ்.ஆர்.எஸ்.' என்ற மூன்றெழுத்தின் பொருள் 'துணைக் கட்டுப்பாட்டு முறை' என்பதாகும். துணை என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டியே தலைவன், பை அதன் துணைவன். பட்டியில்லாதவர் பை விரிவதற்குள் அதன் மீதே போய் விழுகிறார்.

டகாட்டா தரும் பாடம்

பட்டியின் வரலாறு ஒரு நிறுவனத்தின் பெருந்தன்மையைச் சொல்கிறதென்றால், பையின் வரலாறு இன்னொரு நிறுவனத்தின் மறைப்பைச் சொல்கிறது. ஜப்பானின் டகாட்டா, நெசவுத் தொழிலில் தொடங்கி ஆசனப்பட்டி செய்து பெயர் பெற்ற நிறுவனம். காற்றுப்பைக்கு அது அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. விலை குறைவு, ஆனால் ஆண்டுக்கணக்கில் வெப்பத்துக்கும் ஈரப்பதனுக்கும் ஆளானால் அது சிதைந்து, வேண்டியதைவிட வேகமாக வெடிக்கும். வாயு அடைத்த உலோக உறை உடைந்து, துண்டுகள் சாரதியின் கழுத்திலும் முகத்திலும் பாயும். சிறு விபத்துக்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறந்தனர். மலேசியாவிலும் உயிர்கள் பலியாயின. சோதனை முடிவுகளைத் திரித்ததாக 2017 ஜனவரியில் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்ட நிறுவனம், அவ்வாண்டு ஜூனில் வங்குரோத்தடைந்தது. உலகெங்கும் சுமார் பத்துக் கோடி உறைகள் திரும்பப் பெறப்பட வேண்டியதாயிற்று.

இது தூரத்து நாட்டுக் கதையன்று. திரும்ப அழைக்கப்பட்டவற்றுள் ஹொண்டா, டொயோட்டா, நிசான், மஸ்டா எல்லாம் அடங்கும். அந்தப் பெயர்கள்தாம் நம் வீதிகளிலும் ஓடுகின்றன. வெப்பமும் ஈரமும் நம்மிடம் ஆண்டு முழுதும் உண்டு. ஜப்பானில் முதற் சொந்தக்காரருக்குப் போகும் அறிவித்தல் கடிதம், கைமாறிக் கண்டிக்கு வந்த காரின் உரிமையாளரைத் தேடி வராது.

உள்ளூர்த் தந்திரங்களும் உள்ளன. ஒரு முறை கண்டியில் ஒரு கராஜில், விபத்தில் பை விரிந்துபோன காரொன்றைத் திருத்துவதைப் பார்த்தேன். பைக்குப் பதிலாக வெறும் மூடியை ஒட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாதிருக்கச் சிறு மின்தடையை இணைத்தார் பாஸ். "இல்லாட்டி வாங்கிறவங்க பயப்படுவாங்க சேர்" என்றார் சர்வசாதாரணமாக. அந்தக் கார் இன்று யாருடைய பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறதோ?

சட்டத்துக்கு அப்பாலிருப்போர்

2018இன் தொடக்கம் முதல், முன் ஆசனங்களுக்குக் காற்றுப்பையும், முன்னும் பின்னும் மும்முனைப் பட்டியும் இல்லாத வாகனங்களை இறக்குமதி செய்ய இலங்கை தடை விதித்தது. நல்ல முடிவு. எனினும் பின் ஆசனத்தில் பட்டி இருக்கிறது, அணிவோர் இல்லை. 2022 செப்டெம்பரில் இந்தியத் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த காரின் பின் ஆசனத்தில் பட்டியின்றி இருந்து உயிரிழந்தார். முன்னால் பட்டி அணிந்திருந்தோர் பிழைத்தனர்.

பஸ்ஸில் செல்வோருக்கோ அந்தப் பட்டிகூட இல்லை. 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்கு வந்துகொண்டிருந்த பஸ் கொத்மலை, கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டிக்கு அப்பால் அவர்கள் வீடு திரும்பவிருந்த பாதை இந்த ஏ-10 நெடுஞ்சாலைதான். பஸ் சாரதிகள் பட்டி அணிய வேண்டும் என்ற அறிவிப்பு அதன்பின் வந்தது.

காருள்ள வாசகர்கள் இன்றே செய்யக்கூடியன சில உண்டு. சாவியைத் திருப்பியதும் எஸ்.ஆர்.எஸ். விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது, எரியவே இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். சேஸி இலக்கத்தைக் கொண்டு, வாகனம் திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று தயாரிப்பாளரிடம் அறியலாம். மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே 25 சென்ரிமீற்றர் இருக்கட்டும். குழந்தையை மடியில் வைத்து முன் ஆசனத்தில் அமர்வதைப் போல் ஆபத்தானது வேறில்லை. அன்பு நிறைந்த கைகளால் அந்த வேகத்தில் ஒரு குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது.

மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மூன்றாம் பிரிவு பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரை எனத் திட்டமிடப்பட்டது. அது நிறைவேறும் நாளில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் எங்கள் ஊர் வாசலுக்கே வந்துவிடும். வேகம் இரட்டிக்கும்போது மோதலின் சக்தி நான்கு மடங்காகிறது. மூன்று மாடியாக இருந்த வீழ்ச்சி பன்னிரண்டு மாடியாகிவிடும். வீதி வருவதற்கு முன்பே பழக்கம் வந்துவிட வேண்டும்.