அமிருத மகால்: ஓர் அரசு மந்தையின் கதை

பெங்களூரில் ஆடுகோடிப் பக்கம் செல்லும் நம்மவர் பலர், அங்குள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தைக் கண்டிருப்பர். 1923இல் தோன்றிய அமைப்பு அது. 1927இல் உடல்நலம் குன்றி இந்நகரில் ஓய்வு கொண்டிருந்த காந்தியடிகள், அங்கே சென்று மாடு வளர்ப்புப் பாடம் கேட்டார். நல்ல மாட்டினத்தைக் காக்க உழவனின் அன்பு மட்டும் போதாது. அறிவும் அமைப்பும் வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வமைப்பு எத்தகையதாக இருக்க வேண்டும்? மைசூர் நாட்டு வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார், அரண்மனை மாடுகளுக்கென ஒரு துறை வகுத்தார். அதன் பெயர் ‘பெண்ணெச் சாவடி’. நம் வெண்ணெயே கன்னடத்தில் பெண்ணெ. பாலும் வெண்ணெயும் தருவது அதன் முதற்பணி. மந்தை மேய்வதற்கு நாட்டின் பல பகுதிகளில் ‘காவல்’ எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று எனப் பருவந்தோறும் மந்தை இடம் மாறிற்று. ஒரு புல்வெளி மேயப்படும்போது மற்றொன்று தழைத்தது.

ஹைதர் அலி இம்மந்தையைப் பெருக்கிப் போர்ப்பணியில் புகுத்தினார். 1781இல் சிதம்பரத்தைக் காக்க, இரண்டரை நாளில் நூறு மைல் அவர் படை கடந்ததற்கு இக்காளைகளே காரணம் என்பர் வரலாற்றாசிரியர். திப்பு சுல்தான் துறைக்கு ‘அமிருத மகால்’ என்று பெயரிட்டு, மந்தையைப் பேணும் விதிகளையும் எழுதுவித்தார்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. ஆங்கிலேயர் கைக்கு வந்த மந்தை, மைசூர் அரசின் பொறுப்பில் விடப்பட்டது. மேற்பார்வை தளர்ந்தது, மந்தை நலிந்தது. எனவே 1813இல் காப்டன் ஹார்வியின் பொறுப்பில் அதனை மீண்டும் எடுத்துக்கொண்டனர், மந்தையும் தேறியது.

பின்னர் நேர்ந்ததுதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 1860இல் சென்னை கவர்னராயிருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், சிக்கனம் கருதி அமிருத மகாலைக் கலைக்க ஆணையிட்டார். மாடுகள் விற்கப்பட்டன. தவறு விரைவில் வெளிப்பட்டது. 1866இல் துறை மீண்டும் நிறுவப்பட்டது. நல்ல மாடுகளைத் தேடிச் சேர்ப்பதோ பெரும்பாடாயிற்று. கட்டடத்தை இடித்தால் மீண்டும் எழுப்பலாம். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனத்தைக் கலைத்துவிட்டுப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்குவது எங்ஙனம்?

பின்னர் மந்தை மைசூர் அரசிடம் வந்தது. 1923இல் வேளாண்மைத் துறையைச் சார்ந்தது. சிக்கமகளூரு மாவட்டத்து அஜ்ஜம்புரத்தில் அதன் பண்ணை இன்றும் உள்ளது. மந்தை நின்றாலும் மேய்ச்சல் நிலம் நிற்கவில்லை. ஒரு காலத்தில் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்த காவல்களில் சிறுபகுதியே எஞ்சியுள்ளது. பயிர் செய்யவும் வேறு திட்டங்களுக்கும் நிலம் சிறிது சிறிதாகப் போயிற்று. இந்த நூற்றாண்டில் சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளக்கெரெப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காவல் நிலம், பாதுகாப்பு ஆராய்ச்சிக்கும் அறிவியல் நிறுவனங்களுக்கும் அளிக்கப்பட்டது. அங்கு ஆடுமாடு மேய்த்தும் கம்பளி நெய்தும் வாழ்ந்த கிராம மக்கள் நியாயம் கேட்டு வழக்காடினர். அறிவியல் நாட்டுக்கு வேண்டியதே. ஆனால் புல்வெளியைத் தரிசு என்று கணக்கில் எழுதும்போது, அதை நம்பி வாழும் உயிர்கள் கணக்கில் வருவதில்லை.

இவ்வுண்மை தமிழ்நாட்டாருக்குப் புதிதன்று. காங்கேயம் மாட்டின் உறுதிக்குப் பின்னால் கொங்கு நாட்டுக் கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் உள்ள அந்த மேய்ச்சல் காட்டை அமைத்துக் காத்தவர்கள் உழவர்கள். மைசூரில் அரசு செய்ததைக் கொங்கில் குடிகள் செய்தனர். இரண்டிடத்தும் இனத்தைத் தாங்கியது புல்லே.

ஆகவே மாடு வளர்ப்போருக்கு அரசு கடனும் மானியமும் தருவது நன்று. மருத்துவம் தருவதும் நன்று. மேய்ச்சல் நிலமும், ஆட்சி மாறினும் அறுபடாத மேற்பார்வையும் இல்லையேல் இவையெல்லாம் வேரற்ற மரத்துக்கு வார்த்த நீராகும். சிக்கதேவராஜர் காலம் தொட்டு வளர்ந்ததை ஒரே ஆணை சிதறடித்தது. அந்த ஆணை ஒரு நாளில் எழுதப்பட்டது. காவல் நிலமோ, ஓசையின்றி, ஏக்கர் ஏக்கராய்க் கரைகிறது. நாம் விழிப்போடிருக்க வேண்டியது இதற்கே.