பல்லவர்கள் பாரசீகத்திலிருந்து வந்தவர்களா?

காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூருக்குத் தென்மேற்கே வேகவதி ஆற்றங்கரையில் அமைந்துள்ள பழமையான நகரமாகும். இதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவர்கள், பாரசீகத்தை ஆண்ட பார்த்தியரின், அதாவது பஹ்லவரின், வழிவந்தவர்கள் என்று லூயி ரைஸ், வெங்கய்யா போன்ற கல்வெட்டறிஞர்கள் கருதினர். போட்டித் தேர்வு நூல்களில் இக்கருத்து இன்றும் இடம்பெறுகிறது.

இக்கருத்துக்கு அடிப்படை பெயர் ஒற்றுமையே. வைகுண்டப்பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சிற்பத்தில் இரண்டாம் நந்திவர்மனின் முடிசூட்டு விழாவில் காணப்படும் யானைத்தலை வடிவ மகுடத்தையும் துணைக்கு அழைப்பர். அதுபோன்ற மகுடம் டெமிட்ரியஸ் என்ற அரசனின் நாணயத்தில் உள்ளது உண்மைதான். ஆனால் டெமிட்ரியஸ் பாக்திரியாவை ஆண்ட கிரேக்கன், பாரசீகன் அல்லன்!

பஹ்லவர்கள் இந்தியாவுக்கு வந்ததில் ஐயமில்லை. குஜராத்தின் ஜூனாகத்தில் உள்ள ருத்ரதாமனின் கல்வெட்டு (ஏறத்தாழ கி.பி. 150), உடைந்துபோன சுதர்சன ஏரியின் கரையைச் சுவிசாகன் என்ற பஹ்லவ அதிகாரி கட்டி முடித்ததைக் கூறுகிறது. பல்லவர்களும் ஏரி வெட்டியவர்கள். முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு கால்வாய் வழியாகப் பரமேசுவர தடாகத்துக்கு நீர் கொண்டுவந்ததைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட ஆசை வரும். ஆனால் காஞ்சி வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. பாலாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். இங்கே யார் ஆண்டாலும் ஏரி வெட்டித்தான் ஆகவேண்டும்.

பல்லவர்களின் தொடக்ககாலப் பிராகிருதச் செப்பேடுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. சிவஸ்கந்தவர்மனின் மயிதவோலு செப்பேடு, காஞ்சியிலிருந்து ஆந்திரத்துத் தான்யகடக அதிகாரிக்கு அனுப்பிய ஆணை. சாதவாகனர் ஆட்சி மறைந்த கிருஷ்ணா ஆற்றுப் பகுதியில் பல்லவர் காலூன்றியிருந்ததை இது காட்டுகிறது. செப்பேடுகளில் தங்களைப் பாரத்துவாச கோத்திரத்தார் என்கின்றனர். அரசர்கள் கோத்திரம் சூடிக்கொள்வது வழக்கமாதலால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. வலுவான சான்று இராசசேகரர் தருவது. வடமொழிப் புலவரான அவர், பல்லவரைத் தென்னாட்டிலும் பஹ்லவரைச் சிந்துவுக்கு அப்பாலும் தனித்தனியே வைக்கிறார். அவர் காலத்திலேயே இருவரும் வேறு வேறு மக்களாக அறியப்பட்டிருந்தனர்.

வடமொழியில் பல்லவம் என்றால் தளிர். தமிழில் தொண்டை என்பது ஒரு கொடி. தொண்டைமண்டலத்தை ஆண்டவர்களின் பெயர் இந்தச் சொல்லின் மொழிபெயர்ப்பே என்று கருதுவோரும் உண்டு.