உயிரணு இறப்புத் தடுப்புப் புரதங்கள்

உயிரணு இறப்புத் தடுப்புப் புரதங்கள் (ஐஏபி) என்பவை உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் திட்டமிட்ட இறப்பைக் கட்டுப்படுத்தும் புரதக் குடும்பம். இவற்றுள் சில, நோய்த்தொற்றின்போது எழும் அழற்சிச் சமிக்ஞைகளையும் நெறிப்படுத்துகின்றன. எக்ஸ்ஐஏபி, சிஐஏபி1, சிஐஏபி2, நைப், சர்வைவின் உள்ளிட்ட எட்டுப் புரதங்கள் மனிதரிடம் அறியப்பட்டுள்ளன.

கண்டுபிடிப்பு

இக்குடும்பம் முதலில் தெரியவந்தது பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸ்களில்தான். தொற்று கண்ட உயிரணு உடனே இறந்துவிட்டால் வைரஸ் பெருக முடியாது. அந்த இறப்பைத் தடுக்கும் பி35 என்ற வைரஸ் மரபணுவை 1991இல் ராலி கிளெம், லோயிஸ் மில்லர் ஆகியோர் அறிவித்தனர். ஆப்பிளைத் துளைக்கும் புழுவின் வைரஸிலிருந்து முதல் ஐஏபி மரபணு 1993இல் பிரித்தெடுக்கப்பட்டது. மனித நைப் 1995இல் அறியப்பட்டது.

பருத்திக்காட்டில்

திருப்பூர்ப் பின்னலாடையின் மூலப்பொருளான பருத்தியைக் கெடுக்கும் காய்ப்புழுவுக்கு எதிரான என்.பி.வி. கரைசலில் இருப்பதும் ஒரு பாக்குலோவைரஸே. அதன் மரபணுத் தொகுதியிலும் ஐஏபி மரபணுக்கள் உள்ளன. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இக்கரைசலைப் பரிந்துரைக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர் வைரஸைச் சிதைப்பதால் மாலையில்தான் தெளிப்பார்கள். தொற்று முற்றிய புழு செடியின் நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கி இறக்கும். உடல் கரைந்து வழிய, வைரஸ் இலைகளில் பரவும்.

அமைப்பும் செயலும்

எல்லா ஐஏபிகளிலும் பிஐஆர் என்னும் பகுதி ஒன்று முதல் மூன்று வரை இருக்கும். ஏறத்தாழ 70 அமினோ அமிலங்கள் கொண்ட இப்பகுதியை ஒரு துத்தநாக அயனி நிலைநிறுத்துகிறது. உயிரணுவைச் சிதைக்கும் காஸ்பேஸ் நொதிகளில் 3, 7, 9 ஆகியவற்றை எக்ஸ்ஐஏபி நேரடியாகப் பற்றி முடக்குகிறது. இழைமணியிலிருந்து ஸ்மாக் என்ற புரதம் வெளியேறினால் இந்தப் பிடி தளர்ந்து, இறப்பு தொடங்குகிறது.

நோயெதிர்ப்புச் சமிக்ஞை

டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதம் உயிரணுவின் ஏற்பியில் இணையும்போது, சிஐஏபி1, சிஐஏபி2 ஆகியவை ஆர்ஐபிகே1 புரதத்தின்மீது யுபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தின் சங்கிலிகளைக் கோக்கின்றன. அதனால் என்எஃப்-கேபி என்னும் மரபணு இயக்கிப் புரதம் தூண்டப்பட்டு உயிரணு பிழைக்கிறது, அழற்சியும் தொடர்கிறது. சிஐஏபி1, சிஐஏபி2 இரண்டும் இல்லையெனில் ஆர்ஐபிகே1 உயிரணுவை இறப்பின் பக்கம் திருப்பிவிடும். நைப், பாக்டீரியாவின் கசையிழைப் புரதத்தை உணர்ந்து எச்சரிக்கிறது.

நூற்பாலைத் தொழிலாளரைத் தாக்கும் பிசினோசிஸ் நோயும் இந்த அழற்சியோடு தொடர்புடையது. பஞ்சுத் தூசியில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா நஞ்சான எண்டோடாக்சின் இந்நோய்க்கு முக்கியக் காரணியாகக் கருதப்படுகிறது. அது டிஎல்ஆர்4 ஏற்பியைத் தூண்ட, நுரையீரலில் டிஎன்எஃப் சுரக்கிறது. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது இந்நோயின் அடையாளம். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இதைக் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருந்தது.

மருத்துவம்

எக்ஸ்ஐஏபி மரபணுக் குறைபாடு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் கடும் நோயெதிர்ப்புக் கோளாறுக்குக் காரணம் என 2006இல் கண்டறியப்பட்டது. பல புற்றுநோய்களில் சர்வைவின் மிகுதியாக உற்பத்தியாகிறது. ஐஏபிகளை முடக்க ஸ்மாக்கைப் போலச் செயல்படும் மருந்துகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான செவினபன்ட் மூன்றாம் கட்டச் சோதனையில் பலன் தராததால் 2024இல் கைவிடப்பட்டது.