மூட்டம் படிந்த சும்மார் லென்ஸ்

சும்மார் என்பது லைக்கா கமராவுக்காக லைட்ஸ் நிறுவனம் 1933இல் வெளியிட்ட லென்ஸ். 5 சென்ரிமீற்றர் குவியத்தூரம், எஃப் 2 துவாரம். வடிவமைத்தவர் மாக்ஸ் பெரெக். பெயரைக் கேட்டுவிட்டுச் சும்மா ஒரு சாமான் என்று நினைக்காதீர்கள். மங்கல் வெளிச்சத்திலும் கமராவைக் கையில் பிடித்தே படமெடுக்கலாம் என்று அந்தக் காலத்து ஆட்களை மயக்கிய லென்ஸ்.

என்னிடம் இருப்பது, இலக்கத்தின்படி, 1938ஆம் ஆண்டுக்குரியது. பிராங்போர்ட்டில் பழைய சாமான் சந்தையொன்றில் ஒரு லைக்கா மூன்று ஏ கமராவோடு சேர்த்து வாங்கினேன். மேலால் பார்க்கப் பழுதில்லை. பின்பக்கம் ரோச் லைற்றைப் பிடித்தால்தான் உள்ளே பால் ஊற்றியதுபோலத் தெரியும். உள்ளே பூசிய கிறீஸ் காலப்போக்கில் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. துவாரத்தின் தகடுகளுக்கு இரு பக்கமும் உள்ள கண்ணாடிகளில்தான் இது கூட. சும்மாருக்கு மேற்பூச்சும் இல்லை, முன்கண்ணாடியோ சரியான மெது. சட்டைத் துணியால் துடைத்துத் துடைத்தே அரைவாசி சும்மார்களை ஆட்கள் கெடுத்திருக்கிறார்கள்.

நான் செய்தது இதுதான். முன்பகுதியை றப்பர்த் துண்டால் அழுத்தித் திருகிக் கழற்றினேன். ஊதுகுமிழால் தூசியை ஊதினேன். லென்ஸ் தாளில் ஐசோபுறப்பைல் அல்ககோலை இரண்டு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாக ஒரே ஒரு தடவை இழுத்து, தாளை எறிந்துவிட்டு அடுத்த தாள். தேய்க்கவே கூடாது. பதினைந்து தாள் முடிய முக்கால்வாசி மூட்டம் போனது. மிச்சம் போகாது, கண்ணாடியையே அரித்துவிட்டது.

படமெடுக்க வெட்ஸ்லாருக்கே கொண்டுபோனேன். லென்ஸ் பிறந்த ஊர், ரயிலில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். 400 கறுப்பு வெள்ளை பிலிம். லான் ஆற்றுப் பழைய கல்பாலத்தையும் முடிக்கப்படாத கோபுரத்தோடு நிற்கும் தேவாலயத்தையும் எடுத்தேன். சிறிய ஜன்னலில் தெரியும் இரண்டு உருவத்தை ஒன்றாக்கித்தான் தூரம் பிடிக்க வேண்டும். இப்படியான லென்ஸில் வெயிலை எதிரே வைத்தால் படம் முழுக்க வெளிறிவிடும். வெயிலை முதுகில் வைத்து, ஹூட் போட்டு, 5.6இல் எடுத்தால் கல்லின் பொருக்குக்கூட விழுகிறது.

1938 என்ற ஆண்டுதான் என்னை உறுத்தியது. அந்த நவம்பரில்தான் யேர்மனி முழுக்க யூதர்களின் கடைகளையும் வழிபாட்டிடங்களையும் அடித்து நொறுக்கினார்கள். முதலாளி இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் அந்த ஆண்டுகளில் தன் யூதத் தொழிலாளர்களையும் வேறு யூதர்களையும் நிறுவன வேலையென்று காட்டி நியூயோர்க்குக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார். கழுத்தில் ஒரு புது லைக்காவும் மாட்டிவிட்டார் என்பார்கள். வெளியேறும் யூதர் 10 றைஷ்மார்க்குக்கு மேல் காசு கொண்டுபோக முடியாத காலம். கமரா என்றால் போன இடத்தில் விற்கலாம். அம்மாவின் சங்கிலியை விற்று ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி வந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1939 செப்டெம்பரில் போர் தொடங்கியதோடு அந்த வழி அடைபட்டது. லண்டன் ரபி பிராங்க் டாபா ஸ்மித் 2002இல் இதைப் புத்தகமாக எழுதிய பிறகு ‘லைக்கா சுதந்திர ரயில்’ என்ற பெயர் பரவியது. பெயரில்தான் ரயில், கடலைக் கடந்தது கப்பலில்.

இந்தக் கதையைச் சொல்லும் கமராப் பைத்தியங்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே லைட்ஸ் 1942இல் நாசிக் கட்சியில் சேர்ந்தார். அதே ஆலை இராணுவத்துக்குத் தொலைநோக்குக் கருவி செய்தது. உக்ரைனிலிருந்து பிடித்து வந்த நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே கட்டாய வேலை செய்தார்கள். மகள் எல்சி அவர்களின் நிலையைச் சீர்செய்யப் பாடுபட்டார். யூதப் பெண்ணொருவர் சுவிஸுக்குத் தப்ப உதவியதற்காக 1943இல் கெஸ்டாப்போ அவரைச் சிறையில் போட்டது. லைட்ஸ் நல்லவர் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் தப்பியவர்களை எழுதும்போது அந்த உக்ரைன் பெண்களையும் எழுத வேண்டும்.

அடுத்த பிலிமைப் பழைய ஆலைப் பக்கம் எடுக்க யோசித்திருக்கிறேன். வெயில் முதுகில் விழும் நேரமாகப் பார்த்துப் போகவேண்டும்.