அனலைதீவாரின் குளிர்காலமும் வெப்பச்சீராக்கியின் நானூறு ஆண்டுகளும்

ஒரு வீட்டின் குளிரை எந்த இடத்தில் நின்று அளப்பது என்ற கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் தேர்மோஸ்டாட் என்று நாம் வழங்கும் வெப்பச்சீராக்கியின் வரலாறு பெரிதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடியிருக்கிறது. வேறு அறையில் வைத்த உணரியின் சொற்கேட்டு இயங்கும் புதிய வகைச் சீராக்கிகளில் எதை வாங்கலாம் என்று அனலைதீவிலிருந்து ரொறன்ரோவுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் சில அண்மையில் என்னிடம் விசாரித்தன. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை நம்மவரிடையே இன்னும் அழியவில்லை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் பொருட்டுத் தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இது.

அனலைதீவு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 5 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. படகில்தான் போக வேண்டும். பெயரிலேயே அனல் ஒலிக்கும் அந்த ஊரில் வீட்டைச் சூடாக்கும் கருவிக்கு எக்காலத்திலும் வேலை இருந்ததில்லை. சோழகம் வீசினால் ஒரு பக்கக் கதவைத் திறப்பார்கள். வாடை வீசினால் அதைச் சாத்துவார்கள். புழுக்கமென்றால் பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போவார்கள். புகையிலைக்குப் புகை போடும் குடிலில்கூடச் சூட்டை அளந்தது அனுபவப்பட்ட மனிதரின் கையும் மூக்குமே. அளப்பவரும் அனுபவிப்பவரும் ஒருவராகவே இருந்ததால் அங்கே நமது கேள்வி எழவில்லை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் இன்றும் வழங்குகிறது. அனலைதீவுக்கு இட்ட ரொட்டர்டாம் பழைய வரைபடங்களோடு நின்றுவிட்டது. தானே இயங்கும் வெப்பச்சீராக்கியை முதலில் அமைத்தவர்களில் ஒருவராகக் கருதப்படுபவரும் ஒரு ஒல்லாந்தரே. 1572இல் அல்க்மார் நகரில் பிறந்து, இங்கிலாந்தில் பணியாற்றி, 1633இல் இலண்டனில் மறைந்த கொர்னேலிஸ் ட்ரெபெல் என்பவர், இரசாயன வேலைக்கும் கோழி முட்டைகளைப் பொரிக்கச் செய்வதற்கும் ஓர் அடுப்பைச் செய்தார். அடுப்பு சூடேறும்போது உள்ளே வைத்த மதுசாரம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும்; பாதரசம் ஒரு தண்டை உயர்த்தும்; தண்டு காற்று வழியை அடைக்கும்; தீ தணியும். ஆறினால் எல்லாம் தலைகீழாக நடக்கும். அளக்கும் உறுப்பு அடுப்புக்குள்ளேயே, முட்டைகளுக்கு அருகில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1830இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த அன்ட்ரூ யூர், சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டி வளையச் செய்து, அதற்குக் காப்புரிமை பெற்றார். தொழிற்சாலைகளுக்கு அது உதவியது. மனிதர் வாழும் அறைகளுக்கு வழி காட்டியவர் ஓர் ஆசிரியர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், வைட்வோட்டர் ஆசிரியர் கலாசாலையில் பேராசிரியராக இருந்த வொரன் ஜோன்சன் என்பவரே அவர். அங்கே கட்டடக் காவலாளி வகுப்பறை வகுப்பறையாக வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிக் கொதிகலனைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பாடமும் கெடும், அறையும் சீராக இராது. ஜோன்சன் வகுப்பறையில் ஒரு மின் உணரியை வைத்தார்; அது கொதிகலன் அறையில் மணியை அடித்தது. 1883இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1885இல் மில்வோக்கியில் தமது நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 1895இல் காற்றழுத்தத்தால் ஒவ்வோர் அறையையும் தனித்தனியே சீராக்கும் முறைக்கும் காப்புரிமை பெற்றார். ஆகவே வேறு அறையிலிருக்கும் உணரி என்பது நமது கைத்தொலைபேசி யுகத்தின் கண்டுபிடிப்பன்று. அதன் வயது 140 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

வீடுகளில் நடந்ததோ வேறு. 1880களின் நடுவில் மினியாபொலிஸ் நகரில் அல்பேர்ட் பட்ஸ் என்பவர், அறை குளிர்ந்ததும் நிலக்கரி உலையின் காற்றுக் கதவைத் தானே திறக்கும் பொறியைச் செய்தார். அந்த வழியில் வளர்ந்த நிறுவனமே ஹனிவெல். ஹென்றி ட்ரைஃபஸ் வடிவமைத்து 1953இல் வெளிவந்த அதன் வட்டச் சீராக்கி வட அமெரிக்க வீட்டுச் சுவர்களில் நிலையான இடம் பிடித்தது. மலிவான ஒரே கருவி, ஒரே உலை, ஒரே சுவர். பெரும்பாலும் அந்தச் சுவர் வீட்டின் நடுக்கூடத்தில் இருந்தது. கூடம் சொன்னதே வீட்டின் வெப்பநிலை என்றாயிற்று.

1983க்குப் பின் ரொறன்ரோவுக்குத் திரளாகப் போன நம்மவர் குடிபுகுந்தது இத்தகைய வீடுகளிலேதான். என் அக்கா அங்கே ஸ்காபரோவில், வீட்டின் வடக்கு மூலையறையில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். கூடத்துப் பெட்டி 21 பாகை செல்சியஸ் காட்டும் இரவில் அவருடைய கட்டிலருகே வைத்த வெப்பமானி 17 காட்டியது. "அந்தப் பெட்டிக்குக் குளிரேல்லைத்தான் தம்பி. நான் பெட்டிக்குப் பக்கத்திலையோ படுக்கிறன்?" என்று அவர் கேட்டார். ஜோன்சனின் காப்புரிமையில் உள்ள நியாயத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டு நல வழிகாட்டியில், குளிர் நாடுகளில் வீட்டினுள் குறைந்தது 18 பாகை வேண்டும், முதியோருக்கும் நோயாளருக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்கிறது. அக்காவின் அறை அந்த எல்லைக்குக் கீழே இருந்தது; கூடத்துப் பெட்டிக்கு அது தெரியாது.

ஜோன்சனின் யோசனை சாதாரண வீட்டுக்கும் மலிவாகத் திரும்பி வந்ததில் ரொறன்ரோவுக்கே பங்குண்டு. 2007இல் அங்கே தொடங்கிய எக்கோபீ நிறுவனம், 2014இல் அறைக்கு அறை வைக்கக்கூடிய கம்பியில்லா உணரிகளுடன் தன் சீராக்கியை வெளியிட்டது. 2011இல் சந்தைக்கு வந்த நெஸ்ட், கூகிளின் கைக்குப் போனபின், 2018இல் தன் உணரியைக் கொண்டுவந்தது. இரண்டும் ஒன்றல்ல. முன்னதன் உணரி வெப்பத்தோடு ஆள் நடமாட்டத்தையும் கவனிக்கும்; பல அறைகளின் சராசரியை எடுக்கும். பின்னதன் உணரி அந்த ஆண்டில் வெப்பத்தை மட்டுமே சொன்னது. எந்த நேரத்தில் எந்த அறையின் சொல்லைக் கேட்பது என்று நாம் குறித்துக் கொடுக்க வேண்டும்.

இங்கே வாங்குபவர் மூன்று விடயங்களை நிதானமாக எண்ண வேண்டும். முதலாவது, சராசரி ஏமாற்றும். சமையலறை 25, கூடம் 21, மூலையறை 17 என்றால் சராசரி 21. உலை நிம்மதியாகத் தூங்கும், முதியவர் நடுங்குவார். ஆகவே இரவு நேரத்துக்கு ஓர் அறையை மட்டும் தெரிவுசெய்ய இடந்தரும் கருவியே வேண்டும். இரண்டாவது, நடமாட்டத்தைப் பின்தொடரும் வசதியைப் படுக்கையறையில் நம்பக்கூடாது. போர்வைக்குள் அசையாது கிடப்பவரை இல்லாதவர் என்று அது எண்ணிவிடக்கூடும். மூன்றாவது, உணரிக்குக் காது உண்டு, கை இல்லை. அது ஓர் அறையின் குளிரை அறிவிக்கும். வெப்பத்தை அந்த அறைக்கு மட்டும் அனுப்பாது. உலை ஒன்றே என்பதால் மூலையறை 21 ஆகும்போது கூடம் 24 ஆகலாம். காற்றுத் துவாரத்தைக் கட்டிலோ அலுமாரியோ மறைக்கிறதா, யன்னல் ஓரம் ஒழுகுகிறதா என்று முதலில் பார்ப்பது மலிவான வைத்தியம். சுவரிலிருந்து வரும் வயர்களில், கருவிக்கு இடையறாது மின் தரும் பொது வயர் உண்டா என்பதையும் வாங்குமுன் பார்த்துவிட வேண்டும்.

நிலவறையில் வாடகைக்கு இருப்போரின் நிலை இன்னொன்று. அவர்களுடைய குளிரை மேல்மாடிச் சுவர் தீர்மானிக்கிறது. குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ மாநகரின் விதி. கீழே ஓர் உணரி வைத்தால் வழக்குக்கு இடமில்லாமல் போகும். ஆனால் அதே உணரி, கீழே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதையும் மேலே இருப்பவரின் கைத்தொலைபேசிக்குச் சொல்லக்கூடும். குடியிருப்பவரின் சம்மதமின்றி நடமாட்டம் அறியும் உணரியை அங்கே வைப்பது முறையன்று. வெப்பத்தை மட்டும் அளப்பதே அவ்விடத்துக்குப் போதும்.

ஆயுளையும் எண்ண வேண்டும். 1953இன் வட்டச் சீராக்கி இன்னும் சில வீடுகளில் வேலை செய்கிறது. நெஸ்டின் முதலிரண்டு தலைமுறைக் கருவிகளுக்கு 2025 ஒக்ரோபருடன் கூகிள் ஆதரவை நிறுத்தியது. சுவரில் அவை தொடர்ந்து இயங்கும். தொலைபேசி வழியான கட்டுப்பாடு போய்விட்டது. ட்ரெபெலின் அடுப்புக்கு அப்படி ஒரு எசமானன் இருந்ததில்லை.

ஊரைப் பற்றியும் ஒரு சொல். தேசிய மின்வலையில் சேராத அனலைதீவுக்கு மின்சாரம் தந்துவந்தது டீசல் பொறி. சூரிய ஒளியும் காற்றும் மின்கலமும் சேர்ந்த திட்டத்தை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் அமைக்க 2021இல் சீன நிறுவனமொன்று தெரிவாயிற்று. இந்தியாவின் ஆட்சேபத்தை அடுத்து அது நின்றது. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. தீவாரின் விளக்கு எதனால் எரிய வேண்டும் என்பதும் தூரத்துச் சுவர்களில்தான் தீர்மானமாகிறது.

வாங்க எண்ணுவோருக்கு நான் சொல்வது இதுதான். கடைக்குப் போகுமுன் மலிவான வெப்பமானிகள் மூன்றை வாங்கி, கூடத்திலும் வீட்டின் மிகக் குளிர்ந்த அறையிலும் முதியவரின் கட்டிலருகிலும் வையுங்கள். மூன்று இரவுகள், விடிய நான்கு மணிக்கு, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒரு பாகைக்குள் என்றால் பழைய கருவியே போதும், காசு மிச்சம். மூன்று, நான்கு என்றால் உணரியுள்ள கருவி வேண்டும். அந்த உணரி எந்த அறைக்குரியது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.