விருப்பப் படங்களும் விநியோகப் பாதைகளும்: யாழ்ப்பாணத்துச் சினிமா இரசனை பற்றிச் சில குறிப்புகள்

இரசனை என்பது தனிமனிதரின் உள்ளத்தில் தானாக ஊறுவது என்று கருதும் போக்கு எம்மிடையே இன்னும் மறைந்துவிடவில்லை. விருப்பப் படங்கள் எவை என்று கேட்கப்படும்பொழுது, அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்கள்' (1954) என்றோ, றேகே இசையை உலகறியச் செய்த யமேக்கப் படமான 'தி ஹார்டர் தே கம்' (1972) என்றோ விடையளிப்பவரைத் தேர்ந்த இரசிகர் என்கிறோம். எம்.ஜி.ஆர். படம் ஒன்றைச் சொல்பவருக்கு அப்பெயரை வழங்குவதில்லை. இவ்விரு பட்டியல்களும் எவ்வழியாக இவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன என்ற வினாவையோ நாம் எழுப்புவதேயில்லை.

வழி என்று நாம் கூறுவது வியாபார வழியையே. 1928இல் சேர் சிற்றம்பலம் கார்டினர் தாபித்த சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனமும், பின்னர் கே. குணரத்தினத்தின் சினிமாஸ் நிறுவனமும் இலங்கைப் படத்தொழிலில் முதன்மை பெற்றன. இருவரும் தமிழ் முதலாளிகள். முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' (1947) எஸ். எம். நாயகத்தால் மதுரையிலே தயாரிக்கப்பட்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் 'சந்தேசய' (1960) குணரத்தினத்தின் தயாரிப்பாகும். சிங்களப் படத்தில் முதலிட்ட தமிழ் மூலதனம் ஈழத்துத் தமிழரின் வாழ்வைப் படமாக்க முனையவில்லை. இதனை இனப்பற்றின்மை என்று கண்டிப்பது எளிது. ஆனால் அது விளக்கமாகாது. சென்னையில் எடுத்து முடித்த படத்தின் பிரதியை இறக்குமதி செய்வது இலாபகரமானது. சிறியதொரு சந்தைக்காகப் புதிதாகப் படமெடுப்பது நட்டந் தருவது. ஈழத்தின் முதலாவது தமிழ்ப் படமாகிய 'சமுதாயம்' 1962இலேதான் வந்தது; அதுவும் 16 மில்லிமீற்றர்ப் படம்.

இவ்வாறு வந்த படங்களைப் பார்த்த இடம் எத்தகையது? தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் ஆற்றுகைக் களம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலையன்று, வாங்கும் சக்தியே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிலே சுட்டிக்காட்டினார். இக்கூற்றின் முழுக் கனத்தையும் யாழ்ப்பாணத்தில் வைத்தே உணரலாம். தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழைவதற்காக 1966 தொடக்கம் மக்கள் வீதிக்கு வந்து போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்தவை யாவரும் அறிந்தவை. அக்காலத்தில் வின்சரிலோ மனோகராவிலோ கலரிக்கு ரிக்கற் எடுத்தவனை எவரும் குலம் கேட்கவில்லை. அவன் அங்கு கண்ட நாயகன், அநீதி இழைப்பவனை அடித்து வீழ்த்துபவன். அந்த நாயகன்மீது அவன் கொண்ட பற்றை வெறும் மயக்கம் என்று ஒதுக்கிய எமது விமரிசனம், அப்பற்றினுள் அடங்கியிருந்த நியாயமான கோபத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது.

மறுபுறத்தில், 1970களின் இறுதியிலே அ. யேசுராசா போன்றோர் ஈடுபட்டுழைத்த யாழ். திரைப்பட வட்டமும், கே. எஸ். சிவகுமாரன் போன்றோரின் எழுத்துகளும் பிறநாட்டுப் படங்களை ஒரு சிறு குழுவினருக்கு அறிமுகஞ் செய்தன. அவை பயனுள்ள பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சாமுராய்ப் படம் அறிவாளிகளின் தனிச்சொத்து என்ற எண்ணம் வரலாற்றுக்கு ஒவ்வாதது. 'ரஷோமோன்' (1950) படத்தின் கதைகூறும் முறை, எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) வாயிலாகத் தமிழ்த் திரைக்கு வந்துவிட்டது. 'யோஜிம்போ' (1961) இத்தாலியில் செர்ஜியோ லியோனேயின் கைபட்டுக் கௌபோய்ப் படமாயிற்று (1964). அந்த அலையில் எழுந்த 'ஜாங்கோ' (1966) கிங்ஸ்ரன் நகரின் றியால்ற்றோ கொட்டகைவரை சென்றது. 'தி ஹார்டர் தே கம்' படத்தில், கிராமத்திலிருந்து வந்த இளைஞன் ஐவன் அங்கிருந்துதான் 'ஜாங்கோ'வைப் பார்க்கிறான். கடைசி றீல்வரை நாயகன் சாகமாட்டான் என்று சபையோர் கூச்சலிடுகின்றனர். அக்காட்சியைக் காணும் எவருக்கும் எமது கலரி நினைவுக்கு வரும். சபையோர் மடையர்களல்லர், படத்தின் இலக்கணத்தை அவர்கள் நன்கறிவர்.

அப்படத்தின் மையமும் விநியோகமே. ஐவன் பாடிய பாட்டை இசைத்தட்டு முதலாளி இருபது டொலருக்கு வாங்கிக்கொள்கிறான். தானே விற்க முயலும்போது அப்பாட்டை ஒலிக்கச்செய்ய எவரும் முன்வருவதில்லை. இக்கதையைக் காணக் கிங்ஸ்ரன் மக்கள் முதற்காட்சியன்று கொட்டகையை முற்றுகையிட்டனர். தமது பேச்சுமொழி திரையில் ஒலித்ததை அவர்கள் கொண்டாடினர். அமெரிக்காவிலோ அதே ஆங்கிலத்துக்கு எழுத்துவரி தேவைப்பட்டது.

ஐந்தாண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் கையில் எடுத்தது. இந்தியப் படங்களின் வரவு குறைந்தது. ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பல தோன்றின. 1974இல் ஆரம்பமான யாழ்ப்பாண வளாகத்தில் சிங்களம் கற்பித்த தர்மசேன பத்திராஜா, காவலூர் இராஜதுரையின் எழுத்தில் 'பொன்மணி'யை (1977) இயக்கினார். சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்தை எவ்வாறு உள்ளிருந்து அரிக்கின்றன என்பதை யாழ்ப்பாணப் பேச்சுமொழியில் அப்படம் காட்டிற்று. சர்வமங்களம் கைலாசபதி, டொக்டர் நந்தி, சித்திரலேகா மௌனகுரு முதலியோர் நடித்தனர். படம் கொட்டகைகளில் நிலைக்கவில்லை.

இயக்குநர் சிங்களவர் என்பது காரணமாகாது. பெரி ஹென்செலும் கரும்புத்தோட்டச் சூழலில் வளர்ந்த வெள்ளையரே. கறுப்பு மக்கள் அவர் படத்தைத் தமதாக்கிக் கொண்டனர். மக்களின் அறியாமையே காரணம் என்ற, எம்மவர் பலருக்கு வாய்ப்பான விளக்கத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. நீண்டகால இறக்குமதி சென்னைத் தமிழையே திரைத்தமிழ் ஆக்கியிருந்தது. எமது பேச்சுமொழி வானொலி நகைச்சுவையிலும், அதன் வழிவந்த 'கோமாளிகள்' (1976) படத்திலும் சிரிப்புக்கே பயன்பட்டது. அதே மொழியில் துயரம் பேசப்பட்டபோது செவி பழகவில்லை. இது ஒரு பாதி. மறு பாதி எம்மைச் சார்ந்தது. ஹென்செல் மக்கள் விரும்பிய பாட்டையும் துப்பாக்கி நாயகனையும் எடுத்து, அவற்றைக் கொண்டே அம்மக்களின் நிலையை அம்பலப்படுத்தினார். இறுதிக் காட்சியில் கடற்கரையிலே சுடப்பட்டு வீழும் ஐவனின் நினைவில் றியால்ற்றோவின் கூச்சலே எழுகின்றது. குரோசாவாவும் வாட்போர் என்னும் வெகுசன வடிவத்தைக் கைவிடாமலே, உழவன் மகனொருவன் சாமுராய் வேடம் பூணும் அவலத்தைக் காட்டினார். குலப்பெருமையின் பொய்ம்மையை அதனிலும் கூர்மையாகக் காட்டிய படம் அரிது. 'பொன்மணி'யோ கலரி விரும்பிய எதனையும் ஏற்க மறுத்தது. அதன் நிதானம் எமக்கு இன்றும் மிகப் பிடித்தமானது. ஆனால் அந்நிதானத்தை இரசிக்கும் பயிற்சி எமக்கு வாய்த்த இடங்களில் கலரிக்காரன் இருக்கவில்லை. மண்வாசனைக்காக இலக்கியத்தில் ஓயாது வாதாடிய முற்போக்கு அணியினர், திரையை வியாபாரிகளிடம் விட்டுவைத்துப் பின்னர் ஒரே படத்தால் அதனை மீட்கலாம் என நம்பினர்.

அவ்வாதத்தைத் தொடரக் காலம் இடந்தரவில்லை. 1983 யூலையில் குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் அழிந்தன. 1990இல் குடாநாட்டுக்கான மின்விநியோகம் நின்றது. மின்பிறப்பாக்கியும் ஒளிநாடாவுமே கொட்டகையாயின. ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்போன, கோட்டைக்கு அருகிலிருந்த றீகல் போரில் அழிந்தது. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடைபெற்று வந்துள்ளது; குரோசாவாவைக் கைபேசியிலும் காணலாம். விழா மண்டபத்தில் எமக்கு முன்னிருந்த வரிசைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தோம்: விரிவுரையாளர், மாணவர், அரசசார்பற்ற நிறுவனத்தார். நுழைவாயிலில் பயணிகளுக்காகக் காத்துநின்ற ஓட்டோச் சாரதிகளோ தமக்குள் ரஜினியின் புதுப்படம் ஒன்றைப் பற்றி, காட்சிக்குக் காட்சி, நுணுக்கமாக விவாதித்துக்கொண்டிருந்தனர்.