பச்சைக் குழாயும் சிவப்புக் குழாயும்

"தண்ணி தெளிவா இருந்தா தாராளமா குடிக்கலாம்" என்றுதானே நம் பாட்டிமார் சொல்வார்கள்? கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் சேறு அடியில் தங்கிவிடும், வேலை முடிந்தது. ஆனால் கண்ணாடி போல் தெளிந்த நீரே எமனாய் வந்த கதை ஒன்று வங்காளத்தில் நடந்தது.

அங்கே மக்கள் குளத்து நீரையே குடித்து வந்தனர். காலராவும் வயிற்றுப்போக்கும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயின. எனவே 1970-ஆம் ஆண்டுகளில் அரசாங்கமும் யூனிசெப்பும் சேர்ந்து பங்களாதேசம் எங்கும் குழாய்க் கிணறுகளை இறக்கின. நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான். ஆர்சனிக் இருக்குமா என்று நீரைச் சோதிக்கும் வழக்கம் அப்போது இல்லை.

ஆர்சனிக் வேறொன்றுமில்லை, நம் வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதிலுள்ள நஞ்சு. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடந்தது. மண்ணுக்கடியில் காற்றுப் புகாத இடத்தில் துரு கரையவும், நஞ்சும் நீரில் இறங்கியது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

1983-இல் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாகா, மேற்கு வங்கக் கிராமத்தாரின் தோலில் விழுந்த புள்ளிகளுக்குக் காரணம் கிணற்று நீரே என்று கண்டார். பங்களாதேசத்தில் 1993-இல்தான் விஷயம் வெளிப்பட்டது. பிறகு சுமார் 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்ல குழாய்க்குப் பச்சையும் நச்சுக் குழாய்க்குச் சிவப்பும் பூசினார்கள். கையில் புள்ளி விழுந்த பெண்ணைக் கட்டிக்கொள்ள மாப்பிள்ளை வரவில்லை; தொழுநோய் என்று ஊர் ஒதுக்கியது. சிவப்புச் சாயம் பூசியாச்சு, சரி. அப்புறம் தண்ணிக்கு எங்கே போறது?

விடையும் அந்தத் துருவிலேயே இருந்தது. வெறும் மணலில் ஆர்சனிக் அவ்வளவாக ஒட்டாது. மணல்மேல் இரும்பு ஆக்சைடைப் பூசினால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பாக்சைட்டிலிருந்து எடுத்த அலுமினாவைச் சூடாக்கி நுண்துளைகள் உண்டாக்கினாலும் அப்படியே. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். பஞ்சு நீரை உறிஞ்சுவது போலன்று. சுவரில் பல்லி ஒட்டுவது போல.

1997 முதல் பேராசிரியர் அருப் சென்குப்தா குழுவினர் மேற்கு வங்கக் கைப்பம்புகளில் அலுமினாக் கலன்களைப் பொருத்தினர். பங்களாதேசத்தின் குஷ்தியாவைச் சேர்ந்தவர் அபுல் ஹுசாம். அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியர். தம் குடும்பம் குடித்த கிணற்றிலேயே ஆர்சனிக் இருக்கக் கண்டார். சும்மா இருப்பாரா? மேல் வாளியில் ஆற்று மணலும் பதப்படுத்திய இரும்பும், கீழ் வாளியில் மணல், கரி, செங்கற் சில்லு: இதுதான் அவருடைய 'சோனோ' வடிகட்டி. மின்சாரமே வேண்டாம்! 2007-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் அவருக்கு 10 இலட்சம் டாலர் கிரெயின்ஜர் பரிசும், சென்குப்தா குழுவுக்கு இரண்டாம் பரிசும் வழங்கியது. ஹுசாம் பரிசுப் பணத்தில் பெரும்பகுதியை வடிகட்டி வழங்கவே ஒதுக்கினார்.

ஒட்டும் இடமெல்லாம் நிரம்பிவிட்டால்? சென்குப்தா குழுவினர் அலுமினாவைக் காஸ்டிக் சோடாவால் கழுவி மறுபடியும் பயன்படுத்தினர். கழுவிய நஞ்சை ஆற்றில் கொட்டலாமா? கூடாது. அதை இரும்போடு சேர்த்துச் சேறாக்கி, காற்றோட்டமுள்ள மணல் தொட்டியில் வைத்தார்கள். காற்றுப் படாவிட்டால் துரு மீண்டும் கரைந்துவிடுமே!